சூல்முடியில் சாம்பல்

எங்கள் தாவரவியல் துறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. நுண்ணோக்கியின் தலையில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு கணினி. கண்ணாடித் தகட்டை வைத்தால் போதும், அதிலிருக்கும் மகரந்தத் துகள்களை அதுவே எண்ணிவிடும். துறை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு அழைத்திருந்த புதிய துறைத்தலைவர், கையோடு கூட்டிப்போய் அதையும் காட்டினார். நான் அரை நாள் உட்கார்ந்து எண்ணும் தகட்டை அது டீ ஆறுவதற்குள் எண்ணி முடித்தது. எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. முப்பத்திரண்டு வருடம் எண்ணியவளுக்குத்தான் கண் வலியும் கழுத்து வலியும் தெரியும்.

திரையில் மூன்று பத்திகள் இருந்தன. முதல் செடியின் மகரந்தம், இரண்டாவது செடியின் மகரந்தம், மற்றவை. அந்த 'மற்றவை'யில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். தூசி, அழுக்கு மாதிரி ஏதாவது இருக்கும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். சரி, எழுதுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன்.

என் பெயர் வசந்தா. ஏனாத்தூர் பக்கத்துக் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு பெரிய காஞ்சிபுரத்தில், தறி ஓடுகிற வீடு. கணவர் இன்றும் நெய்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினேன், அடுத்த மூன்று வருடம் மற்றவர்களைக் கழுவச் சொன்னேன். அதற்குப் பிறகு நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த வாரமே தெரிந்துவிட்டது, இது என் வேலை என்று. பட்டு இழைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மகரந்தத் துகள் ஒன்றும் சின்னது இல்லை. நான் எண்ணியதை இன்னொருவர் எண்ணிச் சரிபார்த்தால், வித்தியாசம் வந்தால், தப்பு அவர்களுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என்னை அங்கே உட்கார வைத்தவர் ரஹ்மத் மேடம். பேராசிரியர், இந்த ஊர்க்காரர், தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்படி ஒன்று செய்வார். நாம் எண்ணி முடித்துக் கொடுத்த தகட்டைத் திரும்பக் கொண்டுவந்து நம் மேசையிலேயே வைப்பார். "இன்னொரு தடவ பாருங்க" என்பார். என்ன தப்பு, எங்கே தப்பு, எதுவும் சொல்ல மாட்டார். போய்விடுவார். எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார், ஆனால் அவரிடம் அழிப்பான் கிடையாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு போடுவார். அடித்தது என்ன என்று நாளைக்கு வருகிறவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். செவிலிமேட்டில் பாலாற்றங்கரைப் பக்கம் புது வீடுகள் வந்துகொண்டிருந்த நேரம். காலி மனைகளிலும் கரையிலும் இரண்டு செடிகள் மண்டிக் கிடந்தன. ஒன்று சப்பாத்திக்கள்ளி. இன்னொன்று பிரம்மதண்டு. இரண்டுமே கடல் தாண்டி வந்தவை, இரண்டிலும் முள், இரண்டிலும் மஞ்சள் பூ. வீட்டுக்காரர்கள் சங்கம் கள்ளியை மட்டும் வெட்டி எடுத்துவிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பிரம்மதண்டுதான் உண்மையில் மோசம். அதன் விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும், சாப்பாட்டில் கலந்தால் விஷம்.

மேடத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேனீக்கு மஞ்சள் எல்லாம் ஒன்றுதான். கள்ளிப்பூவில் புரண்டுவிட்டு அப்படியே பிரம்மதண்டுக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடி கள்ளிக்கு வருகிறது. பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் முனையைச் சூல்முடி என்போம். பிரம்மதண்டின் சூல்முடியில் கள்ளியின் மகரந்தம் போய் இடத்தை அடைத்துக்கொண்டால், சொந்த மகரந்தத்துக்கு உட்கார இடம் ஏது? விதை குறையும். கள்ளிக்கும் அதே கதிதான். வந்தேறிகள் இரண்டும் ஒன்றின் பிழைப்பை ஒன்று கெடுத்துக்கொண்டிருக்கின்றன என்றால், கள்ளியை மட்டும் எடுப்பது பிரம்மதண்டுக்கு வழிவிடுகிற வேலையாகிவிடும். இதுதான் கேள்வி. சுகந்தி அதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டாள்.

சுகந்தி ஏனாத்தூர்ப் பெண். என்னை 'அக்கா' என்று கூப்பிடுவாள், என் டப்பாவிலிருந்து கேட்காமலே சாப்பிடுவாள். அவளுடைய பதிவுக் காலம் அந்த ஆகஸ்டோடு முடிகிறது, ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. வேறொரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் இடம் வேறு ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆகஸ்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம், வேலை இரண்டும் உண்டு. தவறினால் இரண்டும் கிடையாது. பூக்கிற காலம் தவறினால் அடுத்த பூவுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இதில் அவசரப்படக் கூடாது. நாளைக்கு விரியப் போகிற மொட்டை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பிரித்து, மகரந்தம் சுமக்கும் கேசரங்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, வலைப்பை போட்டு மூட வேண்டும். பிரம்மதண்டைக் கிள்ளினால் மஞ்சள் பால் வடியும், விரலெல்லாம் பிசுக்கென்று ஒட்டும். கள்ளியின் பூவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூமுள் இருக்கும், அது விரலில் ஏறினால் வீட்டுக்குப் போனபின்தான் வலிக்கும். மறுநாள் பூ விரிந்ததும் தூரிகையால் மகரந்தம் வைக்க வேண்டும். சில பூவுக்கு அதே இனத்தின் மகரந்தம் மட்டும். சில பூவுக்கு முதலில் மற்றச் செடியின் மகரந்தம், ஒரு மணி நேரம் கழித்துச் சொந்த மகரந்தம். எந்தப் பூவுக்கு எது என்று தெரிய நூல் கட்ட வேண்டும். சொந்தம் மட்டும் என்றால் மஞ்சள், அந்நியமும் சேர்ந்தது என்றால் சிவப்பு. நூல் எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சியது. பட்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், காம்பை அறுக்காது.

அந்நிய மகரந்தத்தைத் தொட்ட கையால் மற்றப் பூவைத் தொடக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. அதனால் ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டோம். மஞ்சள் நூல் பூக்கள் எல்லாம் சுகந்தி, சிவப்பு நூல் பூக்கள் எல்லாம் நான். ரொம்பச் சுத்தமான ஏற்பாடு என்று மூன்று பேருமே நினைத்தோம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு சில பூக்களின் சூல்முடிகளை மட்டும் எடுத்துக் குப்பிகளில் போட்டு வைத்தோம். மீதியைக் காயாக விட்டோம். பங்குனியில் பிரம்மதண்டுக் காய்கள் முற்றின. பிரித்து விதைகளை எண்ணினோம். மஞ்சள் நூல் காய்களில் விதை பொதிந்து கிடந்தது. சிவப்பு நூல் காய்களில் பாதிக்கு மேல் காணோம். சுகந்தி அந்த வரைபடத்தைப் படம் எடுத்துத் தன் கைப்பேசியின் முகப்பிலேயே வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். மேடம் மட்டும் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, பூ இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அடுத்தது சூல்முடிகளை எண்ணும் வேலை, அது என்னுடையது. சூல்முடியைத் தகட்டில் வைத்து, அதன் மேல் சிவப்புச் சாயம் கலந்த ஜெல்லியில் ஒரு துண்டு வைத்து, சாராய விளக்கில் லேசாகச் சூடு காட்ட வேண்டும். ஜெல்லி உருகியதும் மூடித் தகட்டால் அழுத்தினால் துகள்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகப் படியும். கள்ளியின் துகள் பெரியது, பிரம்மதண்டின் துகள் சிறியது. லட்டுக்குப் பக்கத்தில் பூந்தி கிடக்கிற மாதிரி, குழப்பமே வராது. எந்தத் தகடு எந்த நூல் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதால் மேடம் தகடுகளுக்கு எண் மட்டும் போட்டு, எந்த எண் எந்தப் பூ என்ற பட்டியலைத் தன் பையில் வைத்துக்கொள்வார். நான் எண்ணிக்கொண்டே போனேன். சில தகடுகளில் சாயம் ஏறாத சாம்பல் நிறப் பொடி நிறைய இருந்தது. ஆற்று மணல்தானே என்று, குறிப்புப் பத்தியில் 'தூசி' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் ஒரு தட்டு நிறையத் தகடுகளோடு வந்தார். எப்போதும் போல வைத்துவிட்டுப் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தூசின்னு எழுதின தகடு எல்லாத்தையும் பட்டியலோட வெச்சுப் பாத்தேன். எல்லாமே சிவப்பு நூல். ஒண்ணுகூட மஞ்சள் இல்ல. பாலாத்து மணல் நூல் கலர் பாத்தா விழும், வசந்தா?"

இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன். அந்தப் பொடிக்கு மேல் பிரம்மதண்டின் துகள்கள் சுருங்கிப் போய்க் கிடந்தன. ஒன்றும் புரியவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தோம். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு முடிந்தால், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சுப் போட்டால் நெசவில் தட்டும், அதனால் முறுக்குத்தான். பட்டு வழுக்கும். வழுக்காமலிருக்க, சலித்த சாம்பலை விரலில் தொட்டுக்கொள்வோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்கிற வேலை, கை தானாகச் சாம்பல் கொட்டாங்கச்சிக்குப் போகும். அன்றைக்கும் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பல் பூசி நின்றன. நான் அந்த இரண்டு விரலையே பார்த்தேன்.

செவிலிமேட்டிலும் அதைத்தான் செய்திருந்தேன். பிரம்மதண்டின் பால் ஒட்டிய விரலுக்குப் பட்டு நூல் பிடிகொடுக்காது. அதனால் ஒரு பழைய வெற்றிலை டப்பாவில் வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்துப்போய், தொட்டுத் தொட்டு நூலைக் காம்பில் முறுக்கியிருந்தேன். அந்த விரல் பூவுக்கு ஒரு அங்குலம் கீழே. காற்று வேறு. சுகந்தி சாதாரணமாக இரண்டு முடிச்சுப் போட்டாள், அவளுக்குச் சாம்பல் தேவைப்படவில்லை. சிவப்பு நூல் பூக்களில் விதை குறைந்ததற்குக் கள்ளியின் மகரந்தம் காரணமா, என் வீட்டுச் சாம்பல் காரணமா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் நல்லவளாக நினைக்கவில்லை. மேடம் எப்படியும் மணல் என்று விட்டுவிடுவார், சுகந்தி ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாள், வேலைக்குப் போய்விடுவாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று பாவு முடியும் வரை யோசித்தேன். பயமாகவும் இருந்தது. தப்பு என்னுடையது என்பதை விட, அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துத்தான் பயம். ஆனால் தகட்டில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் 'தூசி' என்று எழுதியிருப்பதை அப்படியே விட என்னால் முடியவில்லை. என் எண்ணிக்கையில் அதுவரை பொய் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை வெற்றிலை டப்பாவை மேடத்தின் மேசையில் வைத்தேன்.

"அது தூசி இல்ல மேடம். எங்க வீட்டு சாம்பல். நூல் வழுக்குதுன்னு நான்தான் தொட்டுக்கினு கட்டினேன்."

அவர் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகையைத் தகட்டில் வைத்து, ஜெல்லி போட்டு, பார்த்தார். பழைய தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று. பதிவேட்டை எடுத்து, சிவப்பு நூல் பத்தி முழுவதன் மேலும் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டார். பிறகு, தப்பு பாதி தன்னுடையது என்றார். ஒருத்தருக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் கொடுத்தது தானே, ஆள் மாற்றிச் செய்ய வைத்திருந்தால் இது இப்படி ஒளிந்திருக்காது என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

"இன்னும் எத்தன நாள் பூ இருக்கும், வசந்தா?" என்று கேட்டார்.

கரையோரத்தில் ஈரம் இருக்கிற இடத்தில் மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும் என்றேன். அப்படியென்றால் போதும் என்று சுகந்தியைக் கூப்பிட்டார்.

சுகந்தி முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள். மேடம் வெளியே போனபின் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமேக்கா."

"இருந்திருக்கலாம்மா" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். அந்தத் தூரிகை, இந்தக் குப்பி என்று வேலையின் பெயரைச் சொல்லித்தான் பேசினாள். என் டப்பாவில் கை வைக்கவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது, ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அந்த மூன்று வாரமும் சித்திரை வெயிலில் நாங்கள் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மேடத்துக்கு மூட்டுவலி, வெளிவேலைக்கு வருவதில்லை. இந்த முறை பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாகக் கரையில் வந்து உட்கார்ந்தார். எந்தப் பூவுக்கு எந்த மகரந்தம், அதை வைப்பது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொன்னார். ஒவ்வொரு பூவுக்கும் முன்னால் அவர் கண்ணெதிரே சோப்பு போட்டுக் கை கழுவினோம், தூரிகை மாற்றினோம். நூலுக்கு நானே வழி செய்தேன். முறுக்கவும் வேண்டாம், அங்கே முடிச்சுப் போடவும் வேண்டாம் என்று வீட்டிலேயே ஒவ்வோர் இழையையும் சுருக்குப் போட்டு எடுத்துப்போனேன். பூவில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. என் கணவரும் நாத்தனாரும் தறியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சுருக்குப் போட்டுத் தந்தார்கள். என் தப்புக்கு அவர்களும் உழைத்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேடம் மூன்றாவதாகப் பச்சை நூலையும் சேர்த்தார். சொந்த மகரந்தத்துக்கு முன்னால் சாம்பல் மட்டும் வைத்த பூக்கள். சாம்பல் என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம் என்றார். தெரியாமல் முன்பு போட்டதை இம்முறை, எனக்குச் சீட்டு விழுந்த பச்சை நூல் பூக்களில் தெரிந்தே வைத்தேன். சுகந்தி பக்கத்தில் நின்று பேசாமல் குறித்துக்கொண்டாள்.

வைகாசியில் காய்கள் வந்தன. சாம்பல் வைத்த பூக்களில் விதை பாதியாகியிருந்தது, அதாவது முதல் வரைபடத்தின் அழகெல்லாம் பெரும்பாலும் என் வீட்டு அடுப்பின் அழகு. ஆனால் சாம்பல் படாத சிவப்பு நூல் பூக்களிலும் விதை குறைந்துதான் இருந்தது, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆடி கடைசியில் கள்ளிப் பழங்களை அறுத்துப் பார்த்தோம். பிரம்மதண்டின் மகரந்தம் பட்ட பூக்களில் அங்கேயும் விதை குறைவு, கொஞ்சம்தான், ஆனால் குறைவு. மேடத்தின் சந்தேகம் சரி. இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டிருந்தன, அதிகம் அடி வாங்கியது பிரம்மதண்டு. வீட்டுக்காரர்கள் சங்கத்திடம் மேடமே போய்ப் பேசினார். எடுத்தால் இரண்டையும் ஒரே பருவத்தில் எடுங்கள், கள்ளியை மட்டும் வெட்டினால் கடுகு மாதிரி விதைக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

சுகந்தி ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாள், வேலையில் சேர்ந்தாள். போகும்போது துறையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் சொன்னாள், கையை மட்டும் கூப்பி.

புதிய துறைத்தலைவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கருவி நல்ல கருவி, எண்ணட்டும். ஆனால் அந்த 'மற்றவை'யை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு ஆள் தன் கண்ணால் திறந்து பார்க்கட்டும். பூவைத் தொட்டவரே பார்த்தால் இன்னும் நல்லது.

ஆய்வேடு கொடுத்ததற்கு அடுத்த தை மாதம் சுகந்திக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. எங்கள் துறைக் கருத்தரங்க அறையில்தான். மேடம் முன்வரிசையில், நான் டீத் தட்டோடு கதவுப் பக்கம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிதானமான மனிதர், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கேட்டார். பச்சை நூல் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாயம் ஏறாத ஒரு பொடி. அது சாம்பல்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நுண்ணோக்கியில பாத்து மட்டும் சொல்ல முடியாதே."

சுகந்தி மேடத்தைப் பார்த்தாள். மேடம் தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"நாங்க கண்டுபிடிக்கல சார். நூல் கட்டின அக்காவே வந்து சொன்னாங்க."

அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர் என்னிடம் ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன், ஒன்றும் நினைவில் இல்லை. அவள் என்னை அக்கா என்று சொல்லி அன்றோடு பத்து மாதம் ஆகியிருந்தது.